படத்துக்கு வீடு கட்டியவர்

(மானிப்பாயில் வாசிகசாலை மண்டபம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தனியாக நின்று படக்கதையும் கார்ட்டூனும் கீறிப் பிழைக்க எங்கள் மண்ணில் ஒருவரால் முடியுமா என்று கொப்பியும் பென்சிலுமாக முன்வரிசையில் வந்து இருக்கிற பிள்ளைகளில் சிலர் என்னிடம் கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பேச்சு. முடிந்த ஒருவரை எனக்குத் தெரியும். கரவெட்டியில் 1924இல் பிறந்து 1996இல் காலமான சி. சிவஞானசுந்தரம். அந்த முழுப் பெயரைச் சொன்னால் பலருக்கு ஆள் பிடிபடாது. ‘சிரித்திரன் சுந்தர்’ என்றால் ஐம்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் முகம் மலரும். ஆளின் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயர் வரும், தகப்பன் பெயர் வரும். இவருக்கு அவர் நடத்திய பத்திரிகையின் பெயர் வந்து நின்றது. அப்படி நிற்பதற்கு அவர் என்ன வேலை செய்தார், யாரிடம் எதைக் கற்றார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

இதைச் சொல்ல மானிப்பாயை விடப் பொருத்தமான இடம் இல்லை. அமெரிக்க மிஷனுக்கென்று ஓர் அச்சியந்திரமும் அதை இயக்க ஜேம்ஸ் கரட் என்ற அச்சாளரும் 1820இல் இலங்கைக்கு வந்தார்கள். அன்றைய ஆங்கில ஆட்சி கரட்டைத் தங்க விடவில்லை, அவர் திரும்பிப் போனார். இயந்திரம் நல்லூரில் ஆங்கிலத் திருச்சபை மிஷனாரின் கையில் இருந்தது. 1834இல்தான் அது அமெரிக்க மிஷனின் பொறுப்புக்கு மீண்டு இந்த ஊருக்கு வந்தது. ஈஸ்ற்மன் மைனர் என்ற அச்சாளர் அதைப் பொறுப்பேற்றார். 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ அச்சேறியது இங்கே. ஐம்பத்தெண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ் அகராதி 1842இல் வெளிவந்ததும் இங்கிருந்துதான். மானிப்பாய் அகராதி என்றே அதைச் சொல்வார்கள். வைத்தியர் சாமுவேல் கிறீன் தன் மாணவர்களோடு இருந்து உடற்கூறையும் இரண வைத்தியத்தையும் தமிழ் நூல்களாக்கியதும் இந்த ஊர்ச் சரித்திரம்தான். அச்சு என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்துக்குப் பழக்கிய ஊர் இது. ஆனால் அந்த அச்சு நெடுங்காலம் எழுத்துக்கே ஊழியம் செய்தது. படம் அதில் ஒரு விருந்தாளியாக வந்து போனது. படமே வீட்டுக்காரனாக இருக்கும் ஒரு பத்திரிகைக்கு எங்கள் ஆட்கள் 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சுந்தர் இளம் வயதில் கட்டடக்கலை படிக்கப் பம்பாய்க்குப் போனார். கார்ட்டூன்காரராகத் திரும்பினார். இந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில் நடந்ததுதான் முக்கியம். அந்தக் காலப் பம்பாய் ஒரு கார்ட்டூன் பள்ளிக்கூடம் மாதிரி. கரஞ்சியா 1941இல் தொடங்கிய ‘பிளிட்ஸ்’ இதழ் அங்கே சூடு பறக்க வந்துகொண்டிருந்தது. இடதுசாரிகளின் ‘குறொஸ் றோட்ஸ்’ இதழும் அங்கிருந்து வந்தது. அதைச் சென்னை மாகாண அரசு தடுக்கப் போய், வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்று 1950இல் பத்திரிகைச் சுதந்திரத்தின் பெரிய தீர்ப்பாக முடிந்தது. கார்ட்டூன்காரர் ஆர். கே. லக்ஷ்மண் அந்த நகரில்தான் ஆளானார். பின்னால் அரசியல் தலைவரான பால் தாக்கரே அப்போது கார்ட்டூன் கீறிச் சம்பளம் வாங்கியவர். 1960இல் ‘மார்மிக்’ என்று சொந்தக் கார்ட்டூன் வார இதழ் தொடங்கினார். டில்லியில் கார்ட்டூன்காரர் சங்கர் 1948இலேயே ‘சங்கர்ஸ் வீக்லி’யைத் தொடங்கியிருந்தார்.

லக்ஷ்மணைப் பற்றி ஒரு கதை உண்டு. சிறுவனாக இருந்தபோது ‘இந்து’ பத்திரிகையில் வந்த டேவிட் லோவின் கார்ட்டூன்களைப் பார்த்துப் பார்த்துப் பழகினவர், கையெழுத்தைச் சரியாக வாசிக்கத் தெரியாமல் நெடுங்காலம் அந்த ஓவியரின் பெயர் ஆங்கிலத்தில் ‘மாடு’ என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். பெயரை வாசிக்கத் தெரியாத வயதிலேயே கோட்டை வாசித்துவிட்டான் பிள்ளை. செல்வாக்கு என்பது அப்படித்தான் வந்து சேர்கிறது. நியூசிலாந்தில் பிறந்து லண்டனில் கீறிய ஒரு மனிதரின் தூரிகை மைசூரில் ஒரு சிறுவனின் விரலுக்குள் போகிறது. அந்தச் சூழலில் மூச்சு விட்டுவிட்டு வந்தவர் எங்கள் கரவெட்டிக்காரர்.

சுந்தர் பம்பாயிலேயே கார்ட்டூன் போடத் தொடங்கிவிட்டார். அங்கே அவர் கண்ட பெரிய பாடம் கோட்டு நுட்பம் மட்டுமல்ல என்பது என் எண்ணம். கார்ட்டூன் என்பது தலையங்கத்துக்குப் பக்கத்தில் இடம் நிரப்ப வைக்கிற சாமான் அன்று. அதற்கென்றே ஒரு பத்திரிகை நடத்தலாம், அதை விலை கொடுத்து வாங்கச் சனம் இருக்கும். இந்தத் துணிவு அவருக்குக் கொழும்பில் கிடைத்திருக்காது. கொழும்பில் ஒபிரி கொலெற் என்ற அருமையான கார்ட்டூன்காரர் இருந்தார், ஆங்கிலப் பத்திரிகையில். அவர் 1962இல் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். சிங்களத்தில் ஜி. எஸ். பெர்னாண்டோ 1951இல் ‘நீலா’ என்ற படக்கதையை ‘லங்காதீப’வில் தொடங்கி வழி திறந்திருந்தார். தமிழில் அந்த அளவுக்கு எதுவும் இல்லை.

கொழும்புக்குத் திரும்பிய சுந்தர் ‘தினகரன்’ பத்திரிகையில் சவாரித்தம்பரைக் கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியை நேரில் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் போதும், ஆள் கண்ணுக்கு முன்னால் வந்துவிடுவார். சவாரித் திடலில் சோடி மாடுகள் வாலை முறுக்கக் கிளம்பும்போது, வரம்பில் நின்று தொண்டை கிழியக் கத்துகிற கூட்டத்துக்குள் ஒரு தம்பர் இல்லாமல் இருக்க மாட்டார். வயல், மாடு, கோயில் திருவிழா, ஊர்வம்பு, சபை சந்தியில் தனக்கென்று ஒரு நியாயம். இவ்வளவும் உள்ள மனிதர். அவருக்குத் துணையாகச் சின்னக்குட்டி. அந்த இரண்டு பேரையும் தமிழ்நாட்டிலோ கொழும்பிலோ கொண்டுபோய் வைக்க முடியாது. இந்தச் செம்பாட்டு மண்ணில் மட்டும்தான் அவர்கள் கால் பதியும்.

இங்கேதான் இரண்டாவது செல்வாக்கு வருகிறது. பம்பாய் அவருக்குக் கையைக் கொடுத்தது. காதைக் கொடுத்தது யாழ்ப்பாணம். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இலேயே ‘நானாடகம்’ நூலில் யாழ்ப்பாணப் பேச்சை அப்படியே மேடைக்குக் கொண்டு வந்திருந்தார். இலங்கை வானொலியில் இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ வந்தபோது, வானொலிப் பெட்டி இருந்த வீடுகளின் விறாந்தையில் அயலட்டை முழுக்கக் கூடியது. எங்கள் பேச்சைக் கேட்டு நாங்களே சிரிக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று சனத்துக்கு இவை பழக்கின. அதற்கும் முன்னால் கூத்துக் கொட்டகையில் விடிய விடியப் பபூன் செய்த வேலை இருக்கிறது. அரசன் செந்தமிழில் பாடிக்கொண்டிருப்பான், பபூன் குறுக்கே வந்து ஊர்ப்பேச்சில் ஒரு வார்த்தை சொல்வான், சபை விழித்துக்கொள்ளும். சவாரித்தம்பரின் பூட்டன் அந்தப் பபூன்தான் என்று எனக்குப் படுகிறது.

1960களின் தொடக்கத்தில் எங்கள் நாட்டில் பெரியதொரு வாக்குவாதம் நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மரபுப் போராட்டம் என்று அதற்குப் பெயர். பேச்சுத் தமிழைக் கதைகளில் எழுதலாமா, அது இழிசனர் வழக்கு அல்லவா என்று பண்டிதர்கள் ஒரு பக்கம்; முற்போக்கு எழுத்தாளர்கள் மறுபக்கம். கட்டுரை, கூட்டம், பதில் கட்டுரை என்று சூடு கிளம்பியது. அந்தச் சூட்டுக்குள்தான் 1963இல் ‘சிரித்திரன்’ பிறந்தது. சுந்தர் வாதத்தில் இறங்கி நின்றாரோ இல்லையோ, படத்துக்குக் கீழே தம்பரின் வாய்ப்பேச்சை எழுதினார். சனம் வாங்கி வாசித்தது. பண்டிதர் வீட்டுப் பிள்ளைகளும் வாசித்தார்கள். படத்தில் நிற்கும் ஆள் நாலுமுழம் கட்டிக்கொண்டு செந்தமிழ் பேசினால் கண்ணும் காதும் ஒத்துப்போகாது என்பதைப் படம் பார்த்த ஒவ்வொருவரும் தாங்களாகவே உணர்ந்தார்கள். எங்கள் இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் சுந்தருக்கு இன்னும் உரிய இடம் கொடுக்கவில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இனி அவருடைய வேலைக்கு வருவோம். பிள்ளைகளே, நீங்கள் இன்றைக்குத் திரையில் விரலால் கீறி ஒரு நொடியில் அனுப்பிவிடுகிறீர்கள். ஈய எழுத்துக் காலத்தில் ஒரு கார்ட்டூன் கடதாசிக்கு வந்து சேர்ந்த வழியைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன். அந்தக் கோடுகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது அப்போதுதான் விளங்கும்.

முதலில் பென்சிலில் கீறி, இந்தியன் மை தொட்டு, பேனா முள்ளாலோ தூரிகையாலோ கோட்டை உறுதிப்படுத்த வேண்டும். அச்சில் வரப்போகும் அளவை விடப் பெரிதாகக் கீறுவது வழக்கம். சுருங்கும்போது கைநடுக்கம் மறையும். மை காய்ந்த பிறகு பென்சில் தடத்தை அழித்து, புளொக் செய்கிறவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் அதைப் பெரிய கமெராவில் படம் எடுத்து, ஒளி பட்டால் இறுகுகிற ஒரு பூச்சுப் பூசிய நாகத் தகட்டில் அந்தப் பிலிமை வைத்துப் பதிப்பார். தகடு நைத்திரிக்கமிலத் தொட்டிக்குள் போகும். கோடு இல்லாத இடத்தையெல்லாம் அமிலம் அரித்துத் தின்னும். கோடு மட்டும் மேடாக நிற்கும். அந்தத் தகட்டை ஒரு மரக்கட்டையில் ஆணியடித்து, ஈய எழுத்தின் உயரத்துக்குச் சரியாக வரச் செய்ய வேண்டும். ஒரு மயிரளவு பதிந்திருந்தால் படம் மங்கும். உயர்ந்திருந்தால் கடதாசியை ஓட்டை போடும். கட்டைக்கு அடியில் மெல்லிய கடதாசித் துண்டுகளை வைத்து வைத்து அச்சுக்காரர் சமப்படுத்துவார். பிறகு அதை எழுத்துகளோடு சேர்த்து இறுக்கி, மெஷினில் ஏற்றுவார்.

இவ்வளவு பாடும் கோட்டில் வந்து விழும். மிக மெல்லிய கோடு அமிலத்தில் அறுந்துபோகும். நெருக்கமாகக் குறுக்குக் கோடு போட்டு நிழல் காட்டினால், மலிவான பத்திரிகைக் கடதாசியில் மை ஊறி எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். சாம்பல் நிறம் வேண்டுமென்றால் புள்ளி புளொக் செய்ய வேண்டும்; அதற்குக் காசும் கூட, வழுவழுப்பான கடதாசியும் வேண்டும். ஆகவே அந்தக் காலக் கார்ட்டூன்காரரின் கை வெள்ளையை நம்பப் பழகியது. எந்தக் கோடு இல்லாமலும் சமாளிக்க முடியுமோ அந்தக் கோடு போய்விடும். புளொக்குக்குக் கூலி சதுர அங்குலக் கணக்கு. அங்குலம் கூடினால் செலவு கூடும். வேறொருவரின் பத்திரிகையில் வேலை செய்பவருக்கு அந்தச் செலவு முதலாளியின் கவலை. சொந்தப் பத்திரிகைக்காரருக்கு ஒவ்வொரு முகமும் தன் சட்டைப்பையிலிருந்து போகிற காசு. ஒரு மூக்கை எவ்வளவு பெரிதாகக் கீறுவது என்பது கலைக் கேள்வியாகவும் வீட்டுக் கணக்காகவும் ஒரே நேரத்தில் அவருக்கு முன்னால் வந்து நிற்கும்.

ஏன் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? சுயாதீனம் என்ற சொல்லைக் கேட்டவுடன் மனம்போனபடி கீறுகிற சுகம் என்று பலர் நினைக்கிறார்கள். சுந்தருக்கு அது கடதாசி வாங்குவது, கொம்போஸ் பார்ப்பது, பிழை திருத்துவது, புளொக் எடுப்பது, விளம்பரம் கேட்டு நடப்பது, கட்டுக் கட்டி பஸ்ஸில் ஏற்றுவது, ஏஜென்ற்மாரிடம் காசு கேட்டுக் கடிதம் எழுதுவது. இவ்வளவும் முடிந்து மிச்சம் இருக்கிற நேரத்தில்தான் தம்பரைக் கீற வேண்டும். தம்பரைக் கீறாவிட்டால் அவ்வளவும் வீண். சிரித்திரனைக் கொழும்பில் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு வந்து, போர்க்காலத்திலும் விட்டு விட்டாவது தொண்ணூறுகள் வரைக்கும் அவர் இழுத்து வந்தார். அந்தப் பாரத்தில் பாதியை அவருடைய துணைவியார் சுமந்தார். ஒரு மனிதன் தனியாகச் சாதித்தான் என்று நாங்கள் சொல்லும்போது அந்த வீட்டுப் பெண்ணின் வேலை கணக்கில் வராமல் போய்விடுகிறது. இந்தச் சபையில் அதைச் சொல்லாமல் போக நான் விரும்பவில்லை.

ஒரே ஆள் படம் கீறிக்கொண்டிருந்தால் பத்திரிகை மாதாமாதம் நிறையாது. அதனால் சுந்தர் ஒரு குடும்பத்தையே உண்டாக்கினார். நாகரிக மோகம் பிடித்த மிஸிஸ் டாமோடிரன், மைனர் மச்சான், மெயில்வாகனத்தார் என்று ஆட்கள் பெருகினார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகைப் பகிடிக்கான பாத்திரம். ஊர்ப் பெருமையைக் கிள்ள வேண்டுமென்றால் தம்பர் வருவார். கொழும்புப் பவுசைக் கிள்ள வேண்டுமென்றால் டாமோடிரன் வீடு. ‘மகுடி’ என்ற பெயரில் கேள்வி பதிலும் எழுதினார். வாசகன் கேட்பது ஒரு வரி, மகுடி சொல்வது ஒரு வரி. கார்ட்டூனில் பழகிய சிக்கனம் எழுத்துக்கும் வந்திருந்தது. அந்தப் பதில்கள் பின்னால் தனி நூலாகவும் வந்தன. அவருடைய தொழில் வாழ்க்கையைப் பற்றி அவரே எழுதிய ‘கார்ட்டூன் ஓவிய உலகில் நான்’ என்ற நூலும் இருக்கிறது; படம் கீறும் பிள்ளைகள் தேடி எடுத்து வாசிக்க வேண்டியது அது.

இன்னுமொன்று. சிரித்திரன் தன் பக்கங்களை மற்றவர்களுக்குத் திறந்து வைத்தது. செங்கை ஆழியானின் நகைச்சுவைத் தொடர் அதில் வந்தது. காசி ஆனந்தனின் மாத்திரைக் கதைகள் வந்தன. புதிதாக எழுத வந்த எத்தனையோ பேர் அங்கே கை பழகினார்கள். பம்பாயில் ஒரு ஊர் முழுக்கப் பத்திரிகையாக இருந்து தன்னை வளர்த்ததை இவர் இங்கே ஒற்றைப் பத்திரிகையால் செய்யப் பார்த்தார்.

எதைப் பற்றிச் சிரித்தார்கள் என்று கேட்பீர்கள். சீதனத்தைப் பற்றி. சாதிப் பெருமையைப் பற்றி. உத்தியோக மாப்பிள்ளைக்கு அலைகிற தகப்பன்மாரைப் பற்றி. சங்கக் கடையில் நடக்கிற சுருட்டலைப் பற்றி. எங்கள் ஊர்ச் சலூனில் ஒரு மர வாங்கு இருக்கும். முறை வரும் வரைக்கும் சிரித்திரன் கைக்குக் கை மாறும். சீதனம் வாங்கினவரும் கொடுத்துக் கடன்பட்டவரும் அதே வாங்கில் அருகருகே இருந்து ஒரே படத்தைப் பார்த்துச் சிரித்ததை நான் சின்ன வயதில் கண்டிருக்கிறேன். சிரித்ததால் மறுநாள் ஊர் திருந்திவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் சபையில் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அது இல்லை என்று யாரும் பாசாங்கு செய்ய முடியாது.

காலமும் அவருக்கு ஓரளவு கை கொடுத்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு தென்னிந்திய வணிக இதழ்களின் வரவைக் கட்டுப்படுத்தியது. விகடனும் குமுதமும் தட்டுப்பாடான அந்த ஆண்டுகளில் உள்ளூர் இதழ்களை நாடி வாசகர் வந்தார்கள். 1977க்குப் பிறகு கதவு திறந்தது. வண்ண அட்டையோடு இந்திய இதழ்கள் மீண்டும் வந்து குவிந்தபோது, கறுப்பு வெள்ளையில் ஒரு யாழ்ப்பாணத்து இதழ் அவற்றோடு ஒரே கடையில் தொங்க வேண்டியிருந்தது. தடையை நம்பித் தொழில் செய்யக் கூடாது என்பார்கள், சரிதான். ஆனால் சின்னச் சந்தைக்குக் கீறுகிறவனை யாராவது கொஞ்சக் காலமாவது காப்பாற்றாவிட்டால் அவன் வேரூன்ற வழியே இல்லை. இதைக் கொள்கையாகவே நான் நம்புகிறேன்.

அதே காலத்தில் தமிழ்ப் பிள்ளைகள் மத்தியில் இன்னொரு வகைப் படப் புத்தகம் பரவியது. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வந்தது. முதலாவதே இரும்புக்கை மாயாவி. மாயாவி தமிழன் என்றே நம்பிய பிள்ளைகள் எத்தனை பேர்! அவன் 1962இல் லண்டனில் ‘வேலியன்ற்’ என்ற இதழில் பிறந்தவன். அவனைக் கீறியவர் ஹேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர். நிழலும் வெளிச்சமுமாக அவர் கீறிய ஒவ்வொரு சட்டகமும் இன்றைக்குப் பார்த்தாலும் பாடம். அன்றைய பிரித்தானிய இதழ்களில் ஓவியரின் பெயர் போடும் வழக்கம் இல்லை. இரும்புக் கையை நாடெல்லாம் அறிந்தது, கீறிய கையை யாரும் அறியவில்லை. சுந்தரின் கதை இதற்கு நேரெதிர். பிளாஸ்கோவுக்கு இருந்த வாசகரில் நூறில் ஒரு பங்கும் அவருக்கு இருந்திராது. ஆனால் ‘சுந்தர்’ என்ற கையெழுத்தைக் கண்டு வாங்கினார்கள். படமும் அவருடையது, பெயரும் அவருடையது, நட்டமும் அவருடையது.

தன் பத்திரிகையைத் தானே சுமந்தவர் இங்கே அவர் ஒருவர் மட்டுமல்ல. டொமினிக் ஜீவா 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி, சலூனை அலுவலகமாக வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்துத் தெருக்களில் கையில் கொண்டு திரிந்து விற்றார். தெற்கே கமிலஸ் பெரேரா ‘கஜமன்’, ‘சிரிபிரிஸ்’ என்று சிங்கள வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த பாத்திரங்களை உருவாக்கி, தன் பெயரிலேயே படக்கதைப் பத்திரிகை நடத்தினார். அமெரிக்காவில் ரொபேர்ட் கிறம் 1968இல் ‘சாப் கொமிக்ஸ்’ முதல் இதழைக் குழந்தை வைக்கும் தள்ளுவண்டியில் போட்டுத் தெருவில் விற்ற கதையைப் பெரிய புரட்சியாக உலகம் இன்றும் சொல்கிறது. ஜீவாவின் நடையையும் சுந்தரின் பஸ் கட்டுகளையும் அதே மதிப்போடு சொல்ல எங்களுக்கு என்ன தடை?

போர் வந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிந்தது. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு எரித்த காலம். அச்சுக் கடதாசி கிடையாமல் பள்ளிக் கொப்பியின் கோடு போட்ட தாளில் பத்திரிகை அச்சடித்த காலம். ஒரு கார்ட்டூன்காரனுக்குக் கடதாசியும் வெளிச்சமும் இல்லையென்றால் என்ன மிஞ்சும்? 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. அடுத்த ஆண்டு சுந்தர் காலமானார். அவரைப் பற்றிப் பெரிதாக எழுதவோ கூடவோ அப்போது யாருக்கும் நிலை இருக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்களைப் பற்றிப் படக்கதை வரவில்லையா என்றால், வந்தது. ஐக்கிய நாடுகள் அமைப்புக்காக வன்னியில் வேலை செய்து, 2008இல் அந்த அமைப்பு வெளியேறியபோது வெளியேறிய பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லின்ட்சே பொலொக் கீறிய ‘வன்னி’ 2019இல் வெளிவந்தது. தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்களை அடிப்படையாக வைத்துக் கற்பனைக் குடும்பங்களின் கதையாக அதை அமைத்திருக்கிறார்கள். மதிப்புக்குரிய வேலை. ஆனாலும் கீறிய கை வெளியிலிருந்து வந்த கை. எங்கள் கையிலிருந்து வந்ததென்று நான் காட்டக்கூடியது, ஓவியர் தா. சனாதனன் 2011இல் கொண்டு வந்த ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்ற நூல். இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து கீறச் சொன்னார். அந்தக் கோணல் மாணலான படத்தைக் கட்டடக்கலைஞரின் கோட்டில் மறுபடி கீறுவித்தார். அதோடு தன்னுடைய சித்திரத்தையும் வைத்தார். ஒரு பக்கத்தில் கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எங்கே என்று நடுங்கும் கோடு. அடுத்ததில் அளவுகோல் வைத்த நேர்க்கோடு. பேச்சுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல், பக்கம் புரட்டும்போது கதை நகர்கிறது. இதைப் படக்கதை என்று வகைப்படுத்த மாட்டார்கள். படக்கதைக்காரன் இதிலிருந்து கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

பிள்ளைகளே, நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இன்று புளொக் தேவையில்லை. பதினாறு பக்கத்தில் ஒரு சிறு புத்தகத்தைப் போட்டோக்கொப்பிக் கடையிலேயே அடித்து, நடுவில் இரண்டு கம்பி குத்தி விற்கலாம். செலவு முன்னளவு இல்லை. ஆனால் கடைசிக் கட்டு விற்று முடியும் வரைக்கும் அது உங்கள் பொறுப்பு என்பது மாறவில்லை. முதல் புத்தகத்துக்குச் சூரனையும் மாயாவியையும் தேடி ஓடாதீர்கள். சந்தியில் ஓட்டோவுக்குக் காத்து நிற்கிற அக்காவைக் கீறுங்கள். கனடாவிலிருந்து வந்து மருதடிப் பிள்ளையார் தேருக்கு வீடியோ எடுக்கிற மாமாவைக் கீறுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று கிட்டப் போய்க் காது கொடுத்துக் கேளுங்கள், கேட்டபடியே எழுதுங்கள். மாதம் ஒரு பக்கம் என்றாலும் திகதி தவறாமல் செய்யுங்கள். ஒரு பாத்திரம் இருபது முப்பது தடவை வந்த பிறகுதான் தன் குணத்தைக் காட்டத் தொடங்கும். தம்பரும் முதல் நாளே தம்பராக இருந்திருக்க மாட்டார்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் சிரித்திரன் இதழ்களை மின்வருடிப் பாதுகாத்து வருகிறது. ஆனால் வரிசையில் இடைவெளிகள் இருக்கும், இரண்டு இடப்பெயர்வு கண்ட இதழ் அது. உங்கள் வீட்டு றங்குப் பெட்டியிலோ, பரணிலோ, அம்மம்மாவின் சேலைகளுக்கு நடுவிலோ ஒரு பழைய சிரித்திரன் கிடக்கலாம். அட்டை போயிருந்தாலும் பரவாயில்லை, பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை. பழைய கடதாசிக்காரனுக்கு நிறுத்துக் கொடுக்க முன் இந்த வாசிகசாலைக்குக் கொண்டு வாருங்கள். மின்வருடி முடித்து, உங்கள் இதழை உங்களிடமே திருப்பித் தந்துவிடுவார்கள்.